தொப்பைக்குத் தேதி குறிப்போம்!

இந்த வாரம் முழுக்க உடற்பயிற்சிக் கேள்விகள். 'பெயர் போட வேண்டாம்' என்று பாதிப் பேர் கெஞ்சியிருப்பதால் எல்லாருக்குமே பட்டப்பெயர் வைத்துவிட்டேன். பட்டம் பிடிக்காதவர்கள் இடுப்பைக் குறைத்துக்கொண்டு மறுபடி எழுதலாம்.

சபதக்காரர், பிரம்மதேசம்: மாமா, ஒவ்வொரு ஜனவரி 1ஆம் தேதியும் 'இனி தினமும் ஒரு மணி நேரம் நடப்பேன்' என்று சபதம் எடுக்கிறேன். பொங்கலோடு நின்றுவிடுகிறது.

பொங்கல் வரை தாக்குப்பிடிக்கிறீர்களே, பலருக்கு அது போகி வரைக்கும்கூட வருவதில்லை. அடுத்த சபதத்தைப் பத்து நிமிடத்துக்கு எடுங்கள். 'ஒரு மணி நேரம்' என்பது மனசு தன்னிச்சையாகப் போட்ட ஒப்பந்தம். முழங்கால் அதில் கையெழுத்துப் போடவில்லை.

அவரே, மறுபடியும்: பத்து நிமிடத்தில் என்ன குறையும்?

சாக்கு குறையும்.

புள்ளிவிவரப் பிரியர், விழுப்புரம்: வாரத்துக்கு எவ்வளவு உடற்பயிற்சி போதும்? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னதை வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, இல்லாவிட்டால் 75 முதல் 150 நிமிடம் கடும் உழைப்பு. கூடவே வாரத்தில் 2 நாளாவது தசைக்கு வேலை. 150ஐ ஏழால் வகுத்தால் நாளுக்கு 21 நிமிடம் சொச்சம். விளம்பரம் நீக்கிய ஒரு சீரியல் எபிசோடு. அதில் மாமியார் முறைத்து முடிப்பதற்குள் நீங்கள் ஏரிக்கரை போய்த் திரும்பிவிடலாம்.

சந்தேகி, கூட்டேரிப்பட்டு: 'மிதமான உழைப்பு' என்றால் எவ்வளவு மிதம்?

பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட்டு வந்தால் அது உலா. பேச்சே வராவிட்டால் கடும் உழைப்பு. கூட வருபவர் அரசியல் பேசுகிறவராக இருந்தால் அவருக்குப் பேச்சு வராத வேகத்தில் நடப்பது இருவருக்கும் நல்லது.

கடிகாரக்காரர், திண்டிவனம்: கையில் ஸ்மார்ட் வாட்ச் கட்டியிருக்கிறேன். தினமும் 10,000 அடி தொடவில்லை என்றால் தூக்கமே வருவதில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு ஹாலில் சுற்றுகிறேன்.

அந்த 10,000 எங்கிருந்து வந்தது தெரியுமா? டாக்டர் சொன்னதில்லை, கம்பெனி சொன்னது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த கையோடு, 1965இல், ஜப்பானில் ஓர் அடி எண்ணும் கருவியை விற்பனைக்கு விட்டார்கள். அதன் பெயரிலேயே 'பத்தாயிரம் அடி' இருந்தது. பெயர் நின்றது, எண் உலகம் சுற்றியது. 2019இல் சராசரி வயது 72 உள்ள 16,741 அமெரிக்கப் பெண்களின் அடிகளை எண்ணிப் பார்த்த ஆய்வில், 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களின் இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500க்கு மேல் போனவர்களுக்குக் கூடுதல் ஆதாயம் பெரிதாகத் தெரியவில்லை. ஆகவே ஹாலில் சுற்றாதீர்கள். தூங்கப் போங்கள், வீட்டில் மற்றவர்களும் தூங்கட்டும்.

மேனேஜர், செஞ்சி: எங்கள் ஆபீசில் 'ஸ்மார்ட் இலக்கு' என்று வகுப்பு எடுத்தார்கள். அதை உடற்பயிற்சிக்கும் பயன்படுத்தலாமா?

தாராளமாக. 1981இல் ஜார்ஜ் டோரன் என்பவர் நிர்வாகிகளுக்கான பத்திரிகையில் எழுதிய கட்டுரையில் பிறந்தது அது. தெளிவாக இருக்க வேண்டும், அளக்க முடிய வேண்டும், யார் செய்வது என்று சொல்ல வேண்டும், நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும், காலக்கெடு வேண்டும். இதில் மூன்றாவதைப் பின்னால் வந்தவர்கள் 'எட்டக்கூடியது' என்று மாற்றிவிட்டார்கள். எனக்குப் பழையதுதான் பிடிக்கும். 'எங்கள் வீட்டில் உடற்பயிற்சிக்கு முக்கியத்துவம் தருகிறோம்' என்று சொல்லும் ஆபீசர்களின் வீட்டில் காலையில் நடப்பது வேலைக்காரரும் நாயும் மட்டுமே.

சோம்பேறி என்று சொல்லிக்கொள்ள வெட்கப்படாதவர், மரக்காணம்: மனசில் ஆசை இருக்கிறது. உடம்பு எழுவதில்லை. ஊக்கம் தரும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

ஊக்கம் தரும் வார்த்தை கேட்டு யாரும் எழுந்ததில்லை. இங்கிலாந்தில் பல்கலைக்கழக மாணவர்களிடம் செய்து 2002இல் வெளியான ஓர் ஆய்வில், சும்மா விட்ட கூட்டத்தில் 38 சதவீதம் பேர் அந்த வாரம் உடற்பயிற்சி செய்தார்கள். மாரடைப்பு பற்றிச் சொல்லி நன்றாக ஊக்கம் ஊட்டிய கூட்டத்தில் 35. 'எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில்' என்று அதோடு எழுதியும் கொடுத்த கூட்டத்தில் 91. பயமுறுத்தல் தோற்றது, காகிதம் ஜெயித்தது. ஆகவே நீங்களும் எழுதுங்கள்: 'திங்கள், புதன், வெள்ளி, பால் வாங்கியதும், பாலை வீட்டில் வைத்துவிட்டு, உப்பளம் போகும் ரோட்டில்'. பால் பாக்கெட்டோடு நடக்கக் கூடாது. வெயிலில் தயிராகிவிடும்.

சரித்திர ஆசிரியர், பிரம்மதேசம்: திட்டத்தை எழுதி வைப்பதெல்லாம் மேல்நாட்டுப் பழக்கம் அல்லவா?

ஐயா, நீங்கள் இருக்கும் ஊரில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா? பக்கத்து எண்ணாயிரத்துக்கு ஒரு நடை போய், கோயில் சுவரைப் பாருங்கள். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்லூரி. 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள். இளைய மாணவர் 270, மூத்தவர் 70. யார் என்ன படிக்கிறார்கள், யாருக்கு நாளுக்கு எத்தனை நாழி நெல் என்பது வரை கல்வெட்டில் இருக்கிறது. ஆயிரம் வருஷமாகியும் கணக்கு அழியவில்லை. உங்கள் நடைத் திட்டத்தைக் கல்லில் வெட்டச் சொல்லவில்லை. தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். பென்சிலில் எழுதுங்கள். திட்டத்தைத் திருத்த வேண்டிவரும், சோழனுக்கு அந்தச் சங்கடம் இல்லை.

கண்டக்டர், விழுப்புரம் கோட்டம்: எட்டு மணி நேரம் பஸ்ஸில் நின்றே வேலை. எனக்குத் தனியாக உடற்பயிற்சி வேண்டுமா அண்ணா?

உங்கள் தொழிலுக்கு மருத்துவ வரலாற்றிலேயே ஒரு சிறப்பு இடம் உண்டு. லண்டன் மாடி பஸ்களில் டிரைவர்களுக்கு மாரடைப்பு அதிகம், கண்டக்டர்களுக்குக் குறைவு என்று ஜெர்ரி மோரிஸ் என்ற டாக்டர் 1953இல் காட்டினார். ஒருவர் உட்கார்ந்தே இருந்தார், மற்றவர் நாள் முழுக்கப் படியேறி இறங்கினார். உடற்பயிற்சிக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை நவீன மருத்துவம் எண்ணிக்கையோடு பார்த்தது அங்கேதான்.

ஆனால் மோரிஸ் விடாக்கண்டர். 'தொப்பை உள்ளவன்தான் டிரைவர் வேலைக்கே வருகிறானோ?' என்று தன் முடிவையே சந்தேகித்து, யூனிஃபார்ம் தைத்த கணக்கை எடுத்துப் பார்த்தார். டிரைவர்களின் பேன்ட் இடுப்பு, கண்டக்டர்களுடையதைவிடப் பெரிதாகவே இருந்தது! ஆகவே படிக்கட்டுக்கு மட்டும் முழுப் புகழும் சேராது. அலுவலகக்காரர்கள், தபால்காரர்கள் என்று பலரையும் பார்த்தபின்தான் கணக்கு உறுதியானது. மோரிஸ் 99 வயது வரை இருந்தார்.

உங்கள் பஸ்ஸில் மாடி இல்லை. நிற்பது வேறு, நடப்பது வேறு. டிப்போவில் இறங்கியதும் பைக்கைத் தேடாமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

கணவர் ஒருவர், விக்கிரவாண்டி: என் மனைவி நாள் முழுக்க வீட்டு வேலை செய்கிறாள். அதுவே நல்ல உடற்பயிற்சிதானே?

அருமையான உடற்பயிற்சி. இன்று முதல் நீங்கள் செய்யுங்கள்.

அவர் மனைவி (கடிதம் தனியாக வந்திருக்கிறது): விடியற்காலை ஐந்தரை மணிக்கு நடக்கப் போகலாம் என்றால் தெரு நாய்கள் ஒருபக்கம், 'காலங்காத்தால எங்க கிளம்பிட்ட?' என்று கேட்கும் திண்ணைகள் ஒருபக்கம்.

நாயாவது குரைத்துவிட்டு விட்டுவிடும். உங்கள் கஷ்டம் ஒரு தெருக் கதை இல்லை அம்மா. 2022 நிலவரத்தை வைத்து 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் 2024இல் வந்த கணக்குப்படி இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் போதுமான உடலுழைப்பு இல்லை. ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57. அந்த இடைவெளியில் சோம்பல் எவ்வளவு, திண்ணை எவ்வளவு என்று யாரும் பிரித்துச் சொல்லவில்லை.

வழி இதுதான். தனியாகப் போகாதீர்கள், மூன்று பேராகப் போங்கள். மூன்று பேர் போனால் கேள்வி கேட்கிறவர் யோசிப்பார், நாயும் யோசிக்கும். நேரத்தை ஆறேகால் ஆக்குங்கள், வெளிச்சம் வந்துவிடும். பள்ளிக்கூட மைதானத்துக்குத் தலைமை ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டால் பல ஊர்களில் கேட் திறக்கிறது. மழையோ மசக்கையோ வந்த நாளில் வீட்டுக் கூடம். இந்தக் குழுவில் ஒருத்தி வராத நாளில் மற்ற இருவரும் அவள் வீட்டு வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். தெருவே கேட்கும்படி. வராமல் இருப்பதற்கு வந்துவிடுவதே மேல் என்று ஆகிவிடும்.

நாற்று நடும் பெண், பிரம்மதேசம்: கழனி வேலை, அது இல்லாத காலத்தில் நூறு நாள் வேலை. எனக்குமா உடற்பயிற்சி?

மற்றவர்கள் காசு கொடுத்து வாங்கும் களைப்பு உங்களுக்குக் கூலியோடு வருகிறது. ஓடவோ நடக்கவோ தனித் திட்டம் வேண்டாம். ஆனால் உங்கள் வேலை குனிந்தபடியே நடக்கிறது. முதுகு ஒரே பக்கம் வளைந்து வளைந்து, நிமிர்வதை மறந்துவிடும். வரப்பில் ஏறும்போதெல்லாம் இடுப்பில் கை ஊன்றி மெதுவாகப் பின்னால் சாயுங்கள், ஐந்து தடவை. தோளைப் பின்னுக்குச் சுழற்றுங்கள். உங்கள் திட்டத்தில் எழுத வேண்டிய முக்கியமான சொல் 'ஓய்வு'. அதை எழுத ஆள் கிடைப்பார், கொடுக்கத்தான் ஆள் இல்லை.

கோட்டை ஆசை, பிரம்மதேசம்: வயது 46, எடை 84. சின்ன வயதில் செஞ்சி ராஜகிரி உச்சிக்கு ஓடியே ஏறினேன். போன மாதம் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். மறுபடி ஏற வேண்டும். திட்டம் போட்டுத் தாருங்கள் மாமா.

வாருங்கள், இந்த வாரக் கேள்விகளில் எனக்குப் பிடித்தது இதுதான். 'உடம்பைக் குறைக்க வேண்டும்' என்று எழுதாமல் 'அந்த மலையில் ஏற வேண்டும்' என்று எழுதியிருக்கிறீர்கள். இலக்குக்கு விலாசம் இருக்கிறது. அதுவும் சாதாரண விலாசமா? 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியக் கோட்டைகள் 12ஐச் சேர்த்தபோது தமிழ்நாட்டிலிருந்து போனது செஞ்சி ஒன்றுதான். ராஜகிரி சுமார் 800 அடி உயரம். மராட்டிய மன்னர் ராஜாராமைப் பிடிக்க வந்த மொகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகை போட்டுத்தான் கோட்டையைப் பிடித்தது. உங்களுக்கு 12 வாரம் போதும்.

முதலில் ஒரு டாக்டரிடம் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்துவிடுங்கள். பாதியில் உட்கார்ந்தது வெறும் மூச்சு வாங்கியதாலா, நெஞ்சில் இறுக்கம் வந்ததாலா? இரண்டாவது என்றால் இந்தப் பத்தியை மூடிவிட்டு இன்றே ஆஸ்பத்திரி. முதலாவது என்றால் மேலே படியுங்கள்.

இன்று எங்கே நிற்கிறீர்கள் என்று இரண்டு எண் எழுதுங்கள். நிற்காமல் எத்தனை நிமிடம் வேகமாக நடக்க முடிகிறது? கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஒரு நிமிடத்தில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது? எண்கள் அசிங்கமாக இருக்கும். பரவாயில்லை, யாரிடமும் காட்ட வேண்டாம்.

முதல் 4 வாரம் சமதரை. வாரம் 5 நாள், 15 நிமிடத்தில் ஆரம்பித்து வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டுங்கள். அதில் 2 நாள் வீடு திரும்பியதும் நாற்காலியில் எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தண்டால். தரையில் தண்டால் எடுக்கும் ஆசை வரும், அடக்குங்கள்.

அடுத்த 4 வாரம் படிக்கட்டு. மாடிப்படி இருந்தால் மாடிப்படி. ஞாயிறு தோறும் மயிலம் முருகன் குன்று. சின்னக் குன்றுதான், ஆனால் பக்தியின் பெயரால் யாரும் சிரிக்க மாட்டார்கள். நாற்காலியை விட்டுவிட்டுப் பஸ்கிக்கு மாறலாம்.

9 முதல் 11ஆம் வாரம் வரை வாரத்தில் ஒரு நாள் நீண்ட நடை, ஒன்றரை மணி நேரம், முதுகுப்பையில் தண்ணீரோடு. மற்ற நாட்கள் பழையபடி. 12ஆவது வாரம் பாதியாகக் குறையுங்கள். உடம்பு பலம் சேர்ப்பது உழைக்கும்போது இல்லை, உழைத்துவிட்டு ஓய்வெடுக்கும்போது.

ஒரு விஷயம் யாரும் சொல்ல மாட்டார்கள். ஏறுவதில் மூச்சு போகும், இறங்குவதில் தொடை போகும். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. வலி அன்றைக்கு வராது, மறுநாளும் அதற்கு மறுநாளும் வரும். அதனால் படிப் பயிற்சியில் இறங்குவதையும் நிதானமாகப் பழகுங்கள். மேலே போனதும் பிள்ளைகளைப் பார்த்துச் சிரியுங்கள். கையில் பிஸ்கட்டோடு சிரிக்காதீர்கள். செஞ்சியில் குரங்குகள் உண்டு, அவை எந்தப் பயிற்சியும் இல்லாமல் உங்களைவிட வேகம்.

பக்தர், திருவக்கரை: பௌர்ணமி தவறாமல் திருவண்ணாமலை கிரிவலம் போகிறேன். 14 கிலோமீட்டர். மாதத்துக்கு அது போதாதா?

மணிக்கு 4 கிலோமீட்டர் என்றால் மூன்றரை மணி நேரம், அதாவது 210 நிமிடம். அந்த வாரத்துக் கணக்கில் அமோக வெற்றி. மிச்சம் மூன்று வாரமும் ஃபெயில். அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிறேன் என்று சொல்லிவிடாதீர்கள், அங்கே பஸ்ஸில் போய் வரிசையில் நிற்கிறீர்கள்.

சிக்ஸ் பேக் தம்பி, திண்டிவனம்: ஜிம்மில் சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. புரோட்டீன் டப்பா வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

தம்பி, நீ இருப்பது எந்த ஊர்? திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த நிலக்கடலை ரகங்களுக்கு 'டி.எம்.வி.' என்று பெயர். அந்த மூன்று எழுத்தும் உன் ஊர்தான். டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 எல்லாம் நாடெங்கும் விதைக்கப்பட்டவை. 100 கிராம் கடலையில் சுமார் 25 கிராம் புரதம். கூடவே 550க்கு மேல் கலோரியும் உண்டு, அதனால் படி கணக்கில் கொறிக்காதே. முட்டை, பருப்பு, சுண்டல், மீன் என்று தட்டில் இருந்தால் டப்பா அவசியமில்லை.

அவரே: எவ்வளவு எடை தூக்க ஆரம்பிக்கலாம்? பக்கத்தில் ஒருவர் 100 கிலோ தூக்குகிறார்.

அவர் இரண்டு வாரத்தில் தூக்கவில்லை. பழைய கிரேக்கத்தில் மைலோ என்ற மல்யுத்த வீரன் ஒரு கன்றுக்குட்டியைத் தினமும் தூக்கிக்கொண்டு நடந்தானாம். கன்று காளையானது, மைலோவும் காளையானான். கதை பொய்யாக இருக்கலாம், தத்துவம் மெய். சுமை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட வேண்டும். தென் மாவட்டத்து இளவட்டக்கல்லில் அந்த வசதி இல்லை. அது முதல் நாளும் அதே எடை, கல்யாணப் பேச்சு நடக்கும் நாளும் அதே எடை. நீ 12 முறை ஒழுங்காகத் தூக்க முடிகிற எடையில் தொடங்கு. கண்ணாடியைப் பார்த்துத் தூக்கு. செல்போனைப் பார்த்துத் தூக்காதே.

கணிதப் பட்டதாரி, வானூர்: நாடித்துடிப்பு உச்சவரம்பு '220 கழித்தல் வயது' என்கிறார்களே, சரியா?

1971இல் ஃபாக்ஸ், ஹாஸ்கெல் முதலானோர் கையில் கிடைத்த தரவுகளை வைத்துக் குத்துமதிப்பாகப் போட்ட கோடு அது. 2001இல் தனாகா குழுவினர் திருத்தினார்கள்: 208 கழித்தல் வயதின் 0.7 பங்கு. 50 வயதுக்குப் பழைய கணக்கில் 170, புதிய கணக்கில் 173. முப்பது வருஷ ஆராய்ச்சி, மூன்று துடிப்பு. 70 வயதுக்குத்தான் வித்தியாசம் தெரியும்: 150, 159. ஆளுக்கு ஆள் இரண்டுமே பத்துப் பன்னிரண்டு முன்பின் ஆகும். பேசிப் பாருங்கள், பாடிப் பாருங்கள். அதற்குப் பட்டம் தேவையில்லை.

செருப்பு வியாபாரி அல்லாதவர், அவலூர்பேட்டை: எத்தியோப்பிய வீரர் வெறுங்காலோடு ஒலிம்பிக் மாரத்தான் ஜெயித்தாராமே? நான் மட்டும் ஏன் ஷூ வாங்க வேண்டும்?

அபெபே பிகிலா, 1960, ரோம். வெறுங்கால், 2 மணி 15 நிமிடம் 16 விநாடி. 1964 டோக்கியோவில் அவரே ஷூ போட்டுக்கொண்டு, குடல்வால் அறுவை முடிந்து சில வாரங்களிலேயே, 2 மணி 12 நிமிடம் 11 விநாடியில் ஜெயித்தார். வெறுங்கால் கதையைச் சொல்கிறவர்கள் அடுத்த ஒலிம்பிக்ஸை மறந்துவிடுவார்கள். ரோமில் கருவேல முள்ளும் இல்லை.

சர்க்கரைக்காரர், மயிலம்: டாக்டர் நடக்கச் சொன்னார். வேறு எதுவும் கவனிக்க வேண்டுமா?

மூன்று. ஒன்று, சாப்பிட்டபின் பத்து, பதினைந்து நிமிடம் நடந்தால் ஏறும் சர்க்கரை மட்டுப்படும். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் இதை முயலுங்கள். இரண்டு, இன்சுலினோ சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர் என்றால் வெறும் வயிற்றில் நீண்ட நடை கூடாது. சட்டைப் பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும். கை நடுக்கம், வேர்வை, தலைசுற்றல் வந்தால் மட்டும் எடுக்க வேண்டிய மிட்டாய் அது. மூன்று, நடந்து வந்ததும் உள்ளங்காலைப் பாருங்கள். மரத்துப்போன காலில் முள் குத்தினால் சொல்லாது. மிட்டாய் தினமும் தீர்ந்துபோகிறது என்றால் உங்களுக்கு இருப்பது வேறு வியாதி.

அரசு விளம்பரம் படித்தவர், விழுப்புரம்: அரசாங்கம் நடைபாதை போட்டிருக்கிறதாமே?

'நடப்போம் நலம் பெறுவோம்.' 2023 நவம்பரில் தொடங்கியது. 38 மாவட்டத்திலும் தலா 8 கிலோமீட்டர் பாதை தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நல்ல காரியம். பாதையை அரசு கொடுத்துவிட்டது, 'நடப்போம்' என்பதில் நீங்களும் உண்டு.

தாத்தா, ஒலக்கூர்: வயது 71. இனிமேல் எனக்கு எதற்கப்பா இலக்கு?

பஞ்சாபில் பௌஜா சிங் என்று ஒருவர். முதல் மாரத்தான் 2000இல் லண்டனில் ஓடியபோது வயது 89. 2011இல் டொரண்டோவில் 100 வயதில் முழுத் தூரமும் முடித்தார். கின்னஸ் புத்தகம் ஏற்கவில்லை. காரணம், பிறப்புச் சான்றிதழ் இல்லை. 42 கிலோமீட்டரை ஜெயித்தவர் காகிதத்திடம் தோற்றார். 2025 ஜூலையில், 114 வயதில், சொந்த ஊரில் சாலையைக் கடக்கும்போது வண்டி மோதித்தான் போனார்.

நீங்கள் ஓட வேண்டாம். 65 தாண்டியவர்களுக்குக் கீழே விழாமல் இருப்பதே பெரிய இலக்கு. வாரம் 3 நாள் உடல் சமநிலைக்குப் பயிற்சி தேவை. சுவரைத் தொட்டபடி ஒற்றைக்காலில் 10 விநாடி, பிறகு மறு கால். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது. அதோடு ரோட்டைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பாருங்கள்.

21 நாள் நம்பிக்கையாளர், வளவனூர்: எந்தப் பழக்கமும் 21 நாளில் ஒட்டிக்கொள்ளும் என்கிறார்களே? எனக்கு 22ஆம் நாள் உதிர்ந்துவிட்டது.

21 என்பது 1960இல் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் எழுதிய புத்தகத்திலிருந்து கிளம்பியது. மூக்கைத் திருத்திக்கொண்டவர்கள் புது மூக்குக்குப் பழக அவ்வளவு நாள் ஆனதைப் பார்த்திருந்தார். லண்டனில் 96 பேரை வைத்துப் பார்த்த ஆய்வில் பழக்கம் ஊன்ற ஏறக்குறைய 66 நாள். சிலருக்கு 18, சிலருக்கு 254 வரை போகும் என்று கணக்கிட்டார்கள். உடற்பயிற்சிக்குத்தான் அதிக நாள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. உங்களுக்கு உதிர்ந்தது மூக்குக் கணக்குதான்.

மழைக்குப் பயந்தவர், மயிலம்: ஐப்பசி, கார்த்திகையில் திட்டமெல்லாம் நனைந்துவிடுகிறது.

உங்கள் ஊர் சொன்னால் நியாயம். 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு வாங்கிய ஊர் ஆயிற்றே! திட்டத்தில் 'மழை நாள்' என்று ஒரு வரி முன்கூட்டியே எழுதிவிடுங்கள். வீட்டுக்குள் 20 தோப்புக்கரணம், 10 சுவர்த் தண்டால், இடையில் கூடத்தில் ஐந்து நிமிட நடை, இப்படி மூன்று சுற்று. அக்னி நட்சத்திரத்துக்கும் தனி வரி: வெயில் ஏறுமுன் முடி. வருஷத்தில் மிச்சம் இருக்கும் நாட்களில் என்ன சாக்கு என்று அப்புறம் எழுதுங்கள்.

தராசு, கண்டமங்கலம்: ஒரு மாதமாக நடக்கிறேன். அரைக் கிலோகூடக் குறையவில்லை. தினமும் மூன்று வேளை எடை பார்க்கிறேன்.

மூன்று வேளை மாத்திரைதான் போடுவார்கள். நேற்றுத் தின்ற கருவாட்டு உப்புக்கே உடம்பு ஒரு கிலோ தண்ணீரைப் பிடித்துவைக்கும். தராசைப் பரண் மேல் போடுங்கள், தையல்காரர் நாடாவை எடுங்கள். நம் தெற்காசிய உடம்புக்கு இடுப்புச் சுற்று ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. அதைத் தாண்டினால் சர்க்கரையும் இதயமும் கவனிக்க ஆரம்பிக்கும். மாதம் ஒரு முறை அளந்தால் போதும். அளக்கும்போது மூச்சை உள்ளே இழுக்கக் கூடாது. நாடாவை ஏமாற்றலாம், லுங்கி காட்டிக்கொடுத்துவிடும்.

குழப்பவாதி, திருவெண்ணெய்நல்லூர்: காலை நடை நல்லதா, மாலை நடை நல்லதா?

நடந்த நடை நல்லது.

ஏரிக்கரை நண்பர்கள் குழு, பிரம்மதேசம்: நாங்கள் நாலு பேர் தினமும் அரை மணி நேரம் நடக்கிறோம். முடிந்ததும் டீக்கடையில் ஆளுக்கு இரண்டு மசால் வடை, ஒரு டீ. கணக்கு சரிதானே மாமா?

அரை மணி நடையில் போனது இரண்டு வடையில் திரும்பி வந்துவிட்டது. டீயின் சர்க்கரை போனஸ். ஆனாலும் நடையை நிறுத்தாதீர்கள். கடையைத் தவிர்த்து வீட்டுக்குப் போகும் வேறு பாதை இருந்தால் அதையும் திட்டத்தில் எழுதுங்கள். இல்லையென்றால், இந்த நடையால் முழுப் பலனும் பெறுகிறவர் கடைக்காரர். அவருக்கு வாழ்த்துகள்.